கான் திரைப்பட விழாவின் வரலாறு, வேலூர்த் திரையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தொடரில் என்ன திரையிடப்படுகிறது?

பிரான்ஸின் தென்கடற்கரையில் உள்ள கான் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் உலகத் திரைப்பட விழாவின் வரலாற்றைச் சொல்லும் படங்களை, ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வாரம் ஒன்றாகக் காலைக் காட்சியில் எங்கள் அரங்கில் திரையிடுகிறோம். நம் நாளிதழ்களில் பெரும்பாலும் ‘கேன்ஸ்’ என்று அச்சாகும் அதே விழாதான். பரிசு பெற்ற படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிக் காட்டுவது எங்கள் நோக்கமன்று. அந்த விழாவில் பேசப்பட்ட படங்களுள், வேலூர்க்காரர் ஒருவர் பார்த்தால் ‘இது நம் ஊர்ச் சங்கதி ஆயிற்றே’ என்று நிமிர்ந்து உட்காரக்கூடியவை எவை என்று தேடினோம். ‘நீச்சா நகர்’, ‘பதேர் பாஞ்சாலி’, ‘காரிஜ்’, ‘ரோசெட்டா’, ‘தீபன்’, ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ ஆகியவை அப்படித் தேறியவை. விழாவின் வரலாற்றில் தவிர்க்க முடியாத இடத்தைப் பெற்றவை என்பதால் ‘ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்’, ‘தி ஒயிட் பலூன்’ என்னும் இரண்டையும் சேர்த்துக்கொண்டோம்.

விழா நடப்பது மே மாதத்தில். நீங்கள் ஏன் ஆடியில் நடத்துகிறீர்கள்?

அக்கினி நட்சத்திர வெயிலில் காலைக் காட்சி முடிந்து நண்பகலில் வெளியே வருவது எப்படியிருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்துடன், கோடை விடுமுறையில் பெரிய நடிகர்களின் படங்களுக்கே எல்லாக் காட்சிகளும் தேவைப்படுகின்றன. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் மக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகக் கிடைக்கிறது.

இந்த விழா எப்படித் தொடங்கியது?

அரசியல் கோபத்தில் தொடங்கியது என்பதே நேர்மையான பதில். 1930-களில் உலகத் திரைப்பட விழா என்றால் இத்தாலியின் வெனிஸ் விழாதான். 1938-இல் அங்கே முசோலினியின் பெயரால் வழங்கப்பட்ட கோப்பை, ஹிட்லரின் ஆட்சி எடுப்பித்த ஒலிம்பிக் ஆவணப்படம் ஒன்றுக்கும் இத்தாலியப் போர் விமானி ஒருவரைப் பற்றிய படத்துக்குமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. நடுவர் குழுவின் தீர்ப்பு மேலிடத்து அழுத்தத்தால் மாற்றப்பட்டது என்று கருதிய பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கப் பிரதிநிதிகள் சினத்துடன் விலகினர். அப்போது பிரான்ஸின் கல்வி அமைச்சராக இருந்த ழான் ஸே, அரசுகளின் தலையீடு இல்லாத விழா ஒன்றை நாமே நடத்துவோம் என்ற முடிவுக்கு ஆதரவாக நின்றார். கான் நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டது; திரைப்படக் கலையின் முன்னோடியான லூயி லூமியேர் தலைமை தாங்க இசைந்தார்; தொடக்க நாள் 1939 செப்டம்பர் 1 என்று குறிக்கப்பட்டது. அதே நாளில் ஜெர்மனி போலந்துக்குள் படையுடன் புகுந்தது. விழா நின்றுபோனது. ழான் ஸே 1944-இல், ஜெர்மானியருக்கு உடந்தையாக இருந்த பிரெஞ்சு ஆயுதக் குழுவினரால் கொல்லப்பட்டார். தாம் கனவு கண்ட விழாவை அவர் காணவே இல்லை.

போர் முடிந்த பின் 1946 செப்டம்பர் 20 அன்று முதல் விழா தொடங்கியது. அதன் ஏற்பாடுகள் அவ்வளவு சீராக இல்லை என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது: ஹிட்ச்காக்கின் படம் ஒன்று ரீல் வரிசை மாறி ஓட்டப்பட்டது. பழைய அரங்குகளில் ரீல் மாறிப் படம் பார்த்து விசிலடித்த தலைமுறையினர் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

அதன் பிறகு பணப் பற்றாக்குறையால் 1948-இலும் 1950-இலும் விழா நடக்கவில்லை. 1951 முதல் இலையுதிர் காலத்திலிருந்து வசந்த காலத்துக்கு மாறியது. கொரோனாவால் 2020-இல் வழக்கமான விழா இல்லை. 2021-இல் ஜூலையில் நடந்தது.

தொடக்கப் படமாக ‘நீச்சா நகர்’ ஏன்?

சேத்தன் ஆனந்த் இயக்கிய இந்த இந்துஸ்தானிப் படம், 1946-இல் கானின் உச்சப் பரிசான கிராண்ட் பிரீயைப் பெற்றது. அவ்வாண்டு அந்தப் பரிசு ஒரே படத்துக்குத் தரப்படவில்லை. பல நாடுகளைச் சேர்ந்த 11 படங்கள் அதைப் பகிர்ந்துகொண்டன. போரில் நைந்துபோன நாடுகளுக்கு இடையே சுமுகம் பேணும் எண்ணம் நடுவர்களுக்கு இருந்திருக்கும் என்று நினைக்க இடமுண்டு. எப்படியாயினும், இன்றுவரை அந்த விழாவின் முதற்பரிசைப் பெற்ற ஒரே இந்தியப் படம் அதுதான். ரவி ஷங்கர் இசையமைத்த தொடக்ககாலப் படங்களுள் ஒன்று, காமினி கௌஷல் நடித்த முதல் படம் என்னும் சிறப்புகளும் அதற்கு உண்டு.

ஆனால் அதைத் தொடக்கமாக வைத்ததற்குப் பரிசு காரணமன்று. மேட்டில் வாழும் செல்வர் ஒருவர், தம் நிலத்தின் மதிப்பைக் கூட்டுவதற்காகச் சாக்கடையைப் பள்ளத்துக் குடியிருப்பின் பக்கம் திருப்பிவிடுகிறார். குடிநீர் கெடுகிறது, நோய் பரவுகிறது, பள்ளத்து மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். இந்தக் கதையை வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையில் கலந்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் 1996-இல் நிலைநாட்டியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இதே விவகாரத்தைத் திரையில் சொன்ன படத்தைப் பாலாற்றங்கரையில் திரையிடாமல் வேறெங்கே திரையிடுவது? படத்தின் நடிப்பு சில இடங்களில் மேடை நாடகப் பாணியில் இருக்கும் என்பதையும், ஒலி தெளிவாக இராது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

தங்கப் பனை விருதும் கிராண்ட் பிரீயும் ஒன்றா?

இப்போது ஒன்றல்ல, ஒரு காலத்தில் கிராண்ட் பிரீயே முதற்பரிசு. 1955-இல்தான் கான் நகரச் சின்னத்தில் உள்ள பனையோலையை வைத்துத் தங்கப் பனை விருது உருவாக்கப்பட்டது. 1964 முதல் 1974 வரை அது கைவிடப்பட்டு மீண்டும் கிராண்ட் பிரீ வழங்கப்பட்டது. 1975-இல் தங்கப் பனை திரும்பி வந்தது. இன்று தங்கப் பனை முதற்பரிசு, கிராண்ட் பிரீ இரண்டாம் பரிசு. முதற்படத்தை இயக்கியவருக்குத் தங்கக் கேமரா என்னும் விருது தனியே உண்டு. மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’ 1988-இலும், முரளி நாயரின் ‘மரண சிம்மாசனம்’ 1999-இலும் அதைப் பெற்றன.

வங்க மொழிப் படங்கள் இரண்டு ஏன்? அவற்றுக்கு வங்காளிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்பது உண்மையா?

உண்மைதான். காந்தி சாலையிலும் தோட்டப்பாளையத்திலும் ஒரு முறை நடந்து பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புரியும். சிஎம்சி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்து, வாரக்கணக்கில் விடுதி அறைகளில் தங்கும் குடும்பங்களால் அந்தத் தெருக்களின் பெயர்ப் பலகைகளே வங்க எழுத்துக்கு மாறிவிட்டன. மீன் குழம்பும் சோறும் கிடைக்கும் வங்கச் சாப்பாட்டுக் கடைகள் நம் ஊரில் இருக்கின்றன; வங்கப் படம் ஓடும் அரங்கு இல்லை. நோயாளியின் துணைக்கு வந்திருப்பவர்கள் மருத்துவமனை அனுமதிச் சீட்டைக் காட்டினால் ‘பதேர் பாஞ்சாலி’க்கும் ‘காரிஜு’க்கும் பாதிக் கட்டணமே வாங்குவோம்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1956-இல் கானில் திரையிடப்பட்டபோது நடுவர்களுள் பலர் அந்தக் காட்சிக்கு வரவில்லை. படத்தைப் பார்த்து வியந்த விமர்சகர்கள் வற்புறுத்தியதால் அது மறுபடியும் திரையிடப்பட்டது; ‘மிகச் சிறந்த மானுட ஆவணம்’ என்னும் தனிப் பரிசும் கிடைத்தது. தங்கப் பனை அவ்வாண்டு கடலடி உலகைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்குச் சென்றது. பரிசுப் பட்டியலையே வேதமாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மிருணாள் சென்னின் ‘காரிஜ்’ 1983-இல் நடுவர் பரிசு பெற்றது. கல்கத்தாவின் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் வேலை செய்யும் சிறுவன், குளிர் தாங்காமல் சமையலறையில் உறங்கி, அடுப்புப் புகையின் நச்சுக் காற்றால் இறந்துபோகிறான். அதன் பிறகு அந்த வீட்டினர், அக்கம்பக்கத்தார், காவல்துறையினர், சிறுவனின் தந்தை ஆகியோரின் முகங்களை மட்டுமே படம் கவனிக்கிறது. யாரும் குரலை உயர்த்துவதில்லை. தொடரில் எங்களை மிகவும் அலைக்கழித்த படம் இதுதான். ‘பதேர் பாஞ்சாலி’ அளவுக்குப் பெயர் பெறாமல் போனது எங்களுக்கு வருத்தம்.

‘தீபன்’ பிரெஞ்சுப் படமா, தமிழ்ப் படமா?

பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஓதியார் பிரெஞ்சுப் பணத்தில் எடுத்த படம். அதன் உரையாடலில் பெரும்பகுதி தமிழ். 2015-இல் அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்கள் தலைமையிலான நடுவர் குழு அதற்குத் தங்கப் பனையை வழங்கியது. அந்த விருதின் வரலாற்றில் தமிழ் ஒலித்த படம் என்றால் அது ஒன்றுதான். அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் அதைப் பெரிய திரையில் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

இலங்கையில் போர் முடியும் தறுவாயில், ஒருவரையொருவர் முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும், இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு கணவன், மனைவி, மகள் என்று நடித்துப் பிரான்ஸ் சென்று சேர்கிறார்கள். பாரிஸ் புறநகரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி வேலை கிடைக்கிறது. தீபனாக நடித்திருப்பவர் ஷோபாசக்தி என்னும் பெயரில் ‘கொரில்லா’, ‘ம்’ முதலிய நாவல்களை எழுதிய அந்தோனிதாசன் யேசுதாசன். அவரே இளமையில் புலிகள் இயக்கத்தில் இருந்து விலகிப் பின்னர் பிரான்ஸில் தஞ்சம் புகுந்தவர். உடன் நடித்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னையின் நாடக மேடையிலிருந்து வந்தவர்.

இந்தப் படத்துக்கு இரண்டு காட்சிகள் வைத்திருக்கிறோம். வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021 நவம்பரில் முகாம்வாழ் தமிழர்களுக்கான புதிய வீடுகள் கட்டும் திட்டத்தைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் தொடங்கிவைத்ததும் அங்கேதான். பாரிஸுக்குச் சென்றவர்களின் கதையை உலகம் பார்த்துப் பரிசளித்தது. கடல் கடந்து இங்கேயே வந்து, இங்கேயே பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டவர்களின் கதையை எடுத்துக் கானுக்கு அனுப்ப நம்மில் ஒருவரும் முன்வரவில்லை. முகாமிலிருந்து வருவோருக்குக் கட்டணம் இல்லை. முதல் காட்சிக்குப் பிந்தைய கலந்துரையாடலில் அவர்களே முதலில் பேசுவார்கள். வல்லுநர்கள் யாரையும் நாங்கள் அழைக்கவில்லை.

படத்தின் இறுதிப் பகுதி திடீரென்று துப்பாக்கிச் சண்டைப் படமாக மாறுவதாகவும், ஈழத்தவரின் துயரம் பிரெஞ்சுப் புறநகர்க் கதைக்கு வெறும் முகப்பாகப் பயன்படுவதாகவும் குறை சொல்வோர் உண்டு. அந்தக் குறையில் பாதியை நாங்களும் ஏற்கிறோம். முதல் ஒரு மணி நேரத்தை அந்தக் குறை தொடவே முடியாது.

தமிழ்ப் படங்கள் பல கானில் திரையிடப்பட்டதாகச் செய்தி வருகிறதே. அவை ஏன் இல்லை?

அந்தச் செய்திகளைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். கானில் போட்டிப் பிரிவு ஒன்று உண்டு. ‘அன் செர்தான் ரெகார்’ என்னும் இணைப் பிரிவு 1978 முதல் உண்டு. விழாவுக்கு இணையாக விமர்சகர் வாரம் 1962-இலிருந்தும், இயக்குநர்களின் இருவாரம் 1969-இலிருந்தும் நடக்கின்றன. இவை அனைத்துக்கும் தேர்வுக் குழு இருக்கிறது. இவற்றுக்கு அப்பால், 1959-இல் தொடங்கிய திரைப்படச் சந்தையும் அதே நாள்களில் அதே ஊரில் நடக்கிறது. அங்கே வாடகை கட்டினால் எந்தத் தயாரிப்பாளரும் தம் படத்தை வாங்குவோருக்குப் போட்டுக் காட்டலாம். அதில் தவறொன்றும் இல்லை. வணிகம் அப்படித்தான் நடக்கும். ஆனால் சந்தையில் ஓடிய படத்தை ‘கான் விழாவுக்குத் தேர்வானது’ என்று சுவரொட்டி அடிப்பது, திருப்பதி அடிவாரத்தில் தேநீர் குடித்துவிட்டுத் தரிசனம் முடிந்தது என்று சொல்வதைப் போன்றது. சிவப்புக் கம்பளத்தில் நடிகைகள் நடக்கும் படங்களும் பெரும்பாலும் ஒப்பனைப் பொருள் நிறுவனங்களின் விளம்பர ஏற்பாட்டைச் சேர்ந்தவை. அந்த நடிகைகளின் படம் விழாவில் இருக்க வேண்டும் என்பதில்லை.

போட்டிப் பிரிவில் இடம்பெறுவது அரிது. ஷாஜி என். கருணின் ‘ஸ்வாஹம்’ 1994-இல் இடம்பெற்ற பிறகு, அடுத்த இந்தியப் படம் அங்கே நுழைய 30 ஆண்டுகள் ஆயின.

அந்த அடுத்த படம் எது?

பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’. 2024-இல் கிராண்ட் பிரீ பெற்றது. மும்பை மருத்துவமனை ஒன்றில் வேலை செய்யும் கேரளத்துச் செவிலியர் இருவரின் கதை; உரையாடல் பெரிதும் மலையாளம். வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு 1946-இல், அதாவது கானின் முதல் விழா நடந்த அதே ஆண்டில், தொடங்கியது. ஊரைவிட்டு வந்து விடுதியில் தங்கி, பணி நேரத்துக்கும் தொலைபேசி அழைப்புக்கும் இடையே வாழும் பெண்கள் நம் பேருந்துகளில் நாள்தோறும் நம் பக்கத்து இருக்கையில் அமர்கிறார்கள். இரவுப் பணி முடித்து வருவோர் கேட்டுக்கொண்டதால் இந்தப் படத்துக்கு மட்டும் மாலைக் காட்சியும் உண்டு.

1968-இல் விழா பாதியில் நின்றது ஏன்?

அவ்வாண்டு மே மாதத்தில் பிரான்ஸ் முழுவதும் மாணவர் போராட்டமும் வேலைநிறுத்தமும் பரவியிருந்தன. நாடே நின்றுபோயிருக்கும்போது நாம் கடற்கரையில் படம் பார்ப்பதா என்று கேட்டு, துரூஃபோ, கோதார் உள்ளிட்ட இயக்குநர்கள் விழாவை நிறுத்தக் கோரினர்; அரங்கின் திரைச்சீலை விலகாதபடி சிலர் அதைக் கையால் பிடித்துத் தொங்கினர். மே 19 அன்று, பரிசு எதுவும் அறிவிக்கப்படாமல் விழா முடிக்கப்பட்டது. அந்த எழுச்சியின் தொடர்ச்சியாகவே மறு ஆண்டு இயக்குநர்களின் இருவாரம் பிறந்தது.

துரூஃபோவுக்கும் விழாவுக்கும் பழைய கணக்கு உண்டு. விழாவைக் கடுமையாகத் தாக்கி எழுதிய விமர்சகர் என்பதால் 1958-இல் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ‘ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்’ படத்துக்காகச் சிறந்த இயக்குநர் பரிசை அங்கேயே வாங்கினார்.

பெண் இயக்குநர்களுக்கு இவ்விழா நியாயம் செய்திருக்கிறதா?

இல்லை. 2025 வரை தங்கப் பனை பெற்ற பெண் இயக்குநர்கள் மூவர் மட்டுமே: ஜேன் கேம்பியன் 1993-இல் (இன்னொரு படத்துடன் பகிர்ந்து), ஜூலியா துகுர்னோ 2021-இல், ஜஸ்டின் த்ரியே 2023-இல்.

‘தி ஒயிட் பலூன்’ குழந்தைகள் பார்க்கலாமா?

தாராளமாக. புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கப் புறப்படும் சிறுமி வழியில் பணத்தைத் தவறவிட்டுத் தவிக்கும் கதை இது. ஈரானைச் சேர்ந்த ஜாஃபர் பனாஹி இதற்காக 1995-இல் தங்கக் கேமரா பெற்றார். 2010-இல் அவரை நடுவராக அழைத்தபோது அவர் சொந்த நாட்டில் சிறையில் இருந்தார். நடுவர் வரிசையில் அவருடைய நாற்காலி காலியாகவே விடப்பட்டது. 2025-இல் அவரே வந்து தங்கப் பனையை வாங்கினார். பெல்ஜியத்தில் வேலை தேடி அலையும் இளம்பெண்ணின் கதையான ‘ரோசெட்டா’, 1999-இல் தங்கப் பனை பெற்றது, பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது. ‘தீபன்’, ‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ இரண்டும் வயது வந்தோருக்கு மட்டும்.

சென்சார் சான்றிதழ் இல்லாத வெளிநாட்டுப் படங்களை எப்படித் திரையிட முடிகிறது?

1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம், விழாக் காட்சிகளுக்குச் சான்றிதழிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது. அவ்வாறு விலக்குப் பெற்ற படங்களைப் பெயர் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே காட்டுகிறோம். ஆகவே அவற்றுக்குக் கவுண்டரில் உடனடிச் சீட்டு கிடையாது. முந்தைய நாள் மாலைக்குள் பதிவு செய்ய வேண்டும்.

பழைய படங்களின் பிரிண்ட் தேய்ந்துபோய் இருக்குமா?

ஃபிலிம் பிரிண்ட் எதுவும் ஓட்டப்படாது. எல்லாமே டிஜிட்டல் கோப்புகள். அவற்றுள் ‘பதேர் பாஞ்சாலி’யின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அதன் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் கருகியது. கருகி முறுகிய சுருள்களை வல்லுநர்கள் பதப்படுத்தி, பயன்படக்கூடிய பகுதிகளை ஃபிரேம் ஃபிரேமாக மீட்டெடுத்து, இத்தாலியின் பொலோன்யா நகர ஆய்வகத்தில் செப்பனிட்டனர். 2015-இல் வெளிவந்த அந்தப் பதிப்பையே காண்பீர்கள். இத்தகைய மீட்புப் பணிக்கென்றே கானில் 2004 முதல் ‘கான் கிளாசிக்ஸ்’ என்னும் பிரிவு இருக்கிறது; அரவிந்தனின் ‘தம்பு’ 2022-இலும், ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ 2024-இலும் புதுப்பிக்கப்பட்டு அங்கே காட்டப்பட்டன.

குறித்த நேரத்துக்குத் தாமதமாக வந்தால் மறுகாட்சி உண்டா?

இல்லை. ஒவ்வொரு கோப்பும் பூட்டப்பட்டே வருகிறது. அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி எங்கள் அரங்கின் இயந்திரத்தில் மட்டும், உரிமையாளர் குறித்த நாளிலும் நேரத்திலும் மட்டும் செயல்படும்.

வசனங்களைத் தமிழில் படிக்கலாமா?

படிக்கலாம். திரைக்குக் கீழே தனிப் பட்டையில் தமிழ் வசன வரிகள் ஓடும். ‘தீபன்’ படத்தில் பிரெஞ்சுப் பகுதிகளுக்கு மட்டும். நேரடியாக மூலமொழியிலிருந்தே பெயர்க்க எல்லாப் படங்களுக்கும் ஆள் கிடைக்கவில்லை. ஈரானியப் படத்துக்கு ஆங்கில வழியாகவே தமிழ் வந்திருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்தால் வரிகளைப் படிக்கக் கழுத்தைத் தாழ்த்த வேண்டியிருக்கும். நடு வரிசையே வசதி.

இடைவேளை விடுவீர்களா?

மாட்டோம். தொடரின் எந்தப் படமும் இடைவேளையை எண்ணி எடுக்கப்பட்டதன்று. கேண்டீன்காரருக்கு இதில் நட்டம் என்பதால், படம் தொடங்கும் முன் அரை மணி நேரம் கடையைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். காபியை அப்போதே குடித்துவிடுங்கள்.

வெளியூரிலிருந்து வருவோர் எப்படித் திட்டமிடலாம்?

ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்தவர்கள் புதிய பேருந்து நிலையத்திலும், ரயிலில் வருவோர் காட்பாடியிலும் இறங்கலாம். ஆடிக் கிருத்திகையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை ரத்தினகிரிக்கும் வள்ளிமலைக்கும் செல்லும் பேருந்துகளில் காவடிக் கூட்டம் நிறைந்திருக்கும். அன்று மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுவது நல்லது.